அந்த இன்ஜின் ஏன் செத்தது என்று ஒருவராவது பார்த்தீர்களா?

மூன்று வாரம். என் படகின் இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் மூன்று வாரம் கிடந்தது. அந்த மூன்று வாரமும் படகு இருந்தது ஒரு மெக்கானிக்கின் பட்டறையில். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கினேன். உள்ளே பெட்ரோல் வி8 இன்ஜின், பின்னால் வெளியே ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ஸ்டெர்ன் டிரைவ். கடல் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினின் உடலான பிளாக்கைக் குளிர வைத்து, அதே தண்ணீரைப் புகையோடு சேர்த்து வெளியே தள்ளும் அமைப்பு. பார்க்கப் போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு கொஞ்ச நேரம் ஓட்டி வச்சேன்" என்றார் விற்றவர். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் தேன் மாதிரி பளபளத்தது. பிளாக்குக்குப் புது பெயின்ட் வேறு. அன்றைக்கு இதெல்லாம் நல்ல பராமரிப்பு என்று தோன்றியது. சூடான இன்ஜின் கிளம்ப அடம் பிடிக்காது. நேற்று மாற்றிய ஆயிலில் தண்ணீர் வந்த தடம் இருக்காது. புது பெயின்டுக்கு அடியில் துரு தெரியாது. மூன்றையும் தெரிந்தேதான் செய்து வைத்திருந்தார் அந்த மனிதர். பழைய படகு வாங்கப் போகிறவர்களே, பிளாக்கின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

மூன்றாவது முறை கடலில் இறக்கியபோதே இழுவை குறைந்தது. த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது, தண்ணீர் மேல் எழும்பி ஓட மறுத்தது. இன்ஜின் ஒரு பக்கமாக உதறியது. மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்து டிப்ஸ்டிக்கை இழுத்தேன். ஆயில் வெளுத்துப் போய், பால் கலந்தது போல, கம்பியில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. மட்டமும் இருக்க வேண்டிய கோட்டைவிட ஒரு விரல் அளவு மேலே. இதைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆயிலுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கே படகைப் பட்டறையில் விட்டேன். டிப்ஸ்டிக்கையும் காட்டினேன். அவர் முதலில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அடுத்த வாரம் பிளக்கும் வயரும் மாற்றினார். அதற்கடுத்த வாரம் காயில். ஒவ்வொரு முறையும் பில், ஒவ்வொரு முறையும் "இதா இருக்கும்னு நினைக்கிறேன்." நினைப்பதற்கு எதற்கு ஒரு பட்டறை? அவர் சுவரிலேயே, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு நேர் எதிரே, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் ஒரு கம்ப்ரஷன் கேஜ் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தூசி படிந்திருந்தது. அதை எடுத்து மாட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகாது. பிளக்கை எல்லாம் கழற்ற வேண்டும், இக்னிஷனைத் துண்டிக்க வேண்டும், த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், ஒவ்வொரு துளையிலும் கேஜைத் திருகி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று விட வேண்டும். அவ்வளவுதான். வந்த எண் எவ்வளவு என்பதைவிட, எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் இறங்கி நின்றால், கோளாறு அங்கே இருக்கிறது. இதற்கு மேதாவித்தனம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் பொறுக்க முடியாமல் நானே ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு போனேன். ஏழு சிலிண்டர் 140க்கும் 150 பிஎஸ்ஐக்கும் நடுவில். ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் கடைசி சிலிண்டர் மட்டும் 70. அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து எண் ஏறும். ஏறவில்லை. அப்படியென்றால் ரிங் இல்லை, வால்வு. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றடித்தோம். கார்புரேட்டரில் காது வைத்தால் சத்தமில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சத்தமில்லை. புகை வெளியேறும் பக்கம் மட்டும் உஸ்ஸென்று தெளிவாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரவில்லை. கழற்றிய பிளக்கின் முனையில் செம்பழுப்புத் துரு. பெட்ரோல் எரிகிற இடத்தில் துரு எங்கிருந்து வரும்?

இதைத்தான் அவரிடம் கேட்டேன். எக்ஸாஸ்ட் பக்கம் தண்ணீர் எப்படி வந்தது? "பழைய இன்ஜின், கேஸ்கெட் போயிருக்கும். ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போன மாதிரிதான். மாத்திடுங்க." அவ்வளவுதான் பதில். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் திறக்கவில்லை, கேஸ்கெட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையும் வந்துவிட்டது. ஆயில் பேனை இறக்கினால் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் கறுத்து, அரித்து, நகத்தால் தடவினாலே தடுக்கின. முதல் நாளே அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி ஓட்டி, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றி, வெளுப்பு போகும்வரை இதைச் செய்திருந்தால் அந்தப் பேரிங்குகள் பிழைத்திருக்கும். ஒரு வால்வு வேலையோடு முடிந்திருக்கும். உப்புத் தண்ணீர் உள்ளே போன இன்ஜினுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த வாரத்தில்தான் என் இன்ஜின் செத்தது.

சரி, மாற்றுவோம் என்று முடிவானது. ஆர்டர் கொடுத்த லாங் பிளாக், அதாவது ஹெட்டோடு சேர்த்துக் கட்டிய இன்ஜின், வந்து இறங்கியது. பார்த்தால், காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார மறுக்கிறது. ஷெவர்லே ஸ்மால் பிளாக் 5.7 லிட்டர் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கியிருக்கிறார்கள். 1986ல் ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க மெயின் சீல் இரண்டு துண்டில் இருந்து ஒரே துண்டாக மாறியது, கூடவே ஃப்ளைவீல் மாட்டும் போல்ட் வட்டமும் மாறியது. 1996ல் வோர்டெக் என்ற புது வகை ஹெட் வந்தபோது இன்டேக்கின் 12 போல்ட் 8 ஆனது. என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்து இன்ஜின், வந்து இறங்கியது வோர்டெக். பிளாக்கிலும் ஹெட்டிலும் இருக்கும் வார்ப்பு எண்களைப் படித்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அதையும் யாரும் படிக்கவில்லை. அவர்கள் செய்த தவறுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் செலவு என் தலையில்.

பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றும்போது கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்துவந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் படகுக்கானதில் உள்ளே எழும் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்ற வைக்காதபடி கம்பி வலையும் மூடியும் இருக்கும், அதற்கு எஸ்ஏஇ ஜே1171 என்று ஒரு தரமே இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் ஒழுகினால் கீழே தரையில் கலைந்து போகும், படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலு நிமிடம், ஆவியை வெளியே தள்ளும் ப்ளோயரை ஓட விடச் சொல்வதே அதனால்தான். குழந்தைகள் ஏறும் படகு அது. கையிலிருந்து பிடுங்கி வைத்தேன், சண்டையும் போட்டேன்.

டிரைவைக் கழற்றி, இன்ஜினைத் தூக்கி, புதியதை இறக்கினார்கள். இறக்கியவுடன் இன்ஜினைத் தாங்கும் மவுண்டை முறுக்கிவிட்டு டிரைவைச் செருகப் பார்த்தார்கள். ஷாஃப்ட் போகவில்லை. ரப்பர் சுத்தியலை எடுத்தார் அவருடைய பையன். நிறுத்தச் சொன்னேன். அலைன்மென்ட் பார் என்று ஒரு கம்பி இருக்கிறது. படகின் பின்சுவரில் இருக்கும் கிம்பல் பேரிங் வழியாக அது இன்ஜினின் பின்னால் இருக்கும் கப்ளருக்குள் இரண்டு விரல் பலத்தில் வழுக்கிப் போக வேண்டும். முனையில் கிரீஸ் தடவிச் செருகி எடுத்தால் பல் தடம் சுற்றிலும் ஒரே அளவாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்தால் முன் மவுண்டை ஏற்றியோ இறக்கியோ சரி செய்ய வேண்டும். கோணலாக ஓட விட்டால் கப்ளரின் பற்களைத் தின்றுவிடும், அப்புறம் மறுபடி இன்ஜினைத் தூக்க வேண்டும். முனகிக்கொண்டேதான் செய்தார்கள். என் பணத்தில் செய்யும் வேலையை நான் கெஞ்சிச் செய்ய வைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் பழைய இன்ஜினில் இருந்த புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும், அதன் மேல் உட்கார்ந்து புகையோடு தண்ணீரைச் சேர்க்கும் ரைசரையும் பெயின்ட் அடித்துப் புது இன்ஜினில் மாட்டினார்கள். நான் அன்று ஊரில் இல்லை. வந்து பார்த்தபோது எல்லாம் கறுப்பாக, புதிது போல இருந்தது. புதியது என்றே நம்பினேன்.

புது இன்ஜின் ஓடியது பதினோரு மணி நேரம். மீட்டர் அப்படித்தான் காட்டியது. ஒரு காலையில் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் "டக்" என்றது, நின்றது. பேட்டரி இறங்கியபோது வரும் சத்தம் இல்லை அது, சுவரில் மோதிய சத்தம். சாவியை மறுபடி திருப்பாமல் கையை எடுத்ததுதான் அன்று நடந்த ஒரே நல்ல விஷயம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது வலுக்கட்டாயமாகச் சுற்றினால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, துளைகளுக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைத் தொட்டேன். கடைசித் துளையில் இருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து இன்ஜின் மூடியில் பட்டுத் தெறித்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்பு. அதே பக்கம், அதே கடைசி சிலிண்டர். வேறு இன்ஜின்.

அங்கேயே உட்கார்ந்து ரைசரைக் கழற்றினேன். நாலு போல்டில் ஒன்று துருப்பிடித்து முறிந்தது. ரைசரைத் தூக்கித் திருப்பினால் மூன்று வாரமும், இரண்டு இன்ஜினும், அத்தனை பில்லும் அந்த ஒரு முகப்பில் எழுதியிருந்தது. நடுவில் புகை போகும் ஓட்டை, சுற்றிலும் தண்ணீர் ஓடும் ஓட்டைகள், இடையில் கேஸ்கெட் உட்காரும் தட்டையான விளிம்பு. தண்ணீர் ஓட்டையில் இருந்து புகை ஓட்டை வரைக்கும் அந்த விளிம்பைக் கடந்து ஒரு செம்பழுப்புத் தடம், சுண்டுவிரல் அகலத்துக்கு. இரும்பு அங்கே பள்ளமாகவே அரித்திருந்தது. இன்ஜினை நிறுத்தியதும் ரைசரில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாக மேனிஃபோல்டில் இறங்கி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குப் போய், ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஓடும் வார்ப்பிரும்பு ரைசருக்கு ஐந்தாறு வருடம்தான் ஆயுசு. கழற்றிப் பார்க்க ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஓர் இன்ஜினையே தூக்கி வெளியே வைத்துவிட்டு, அதைக் கொன்ற பாகத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து அடுத்ததில் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த முறை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் ஆயிலை மூன்று முறை மாற்றினேன், நாலாவது முறை வெளுப்பில்லாமல் வந்தது. சிலிண்டர்களில் ஆயில் தெளித்துக் கையால் சுற்றி வைத்தேன். இரு பக்கமும் புது மேனிஃபோல்ட், புது ரைசர், புது கேஸ்கெட். பிறகு கேஜை மாட்டினேன். எட்டும் 150ஐ ஒட்டியே நின்றன. பிழைத்தது.

பழைய ரைசரைத் துணியில் சுற்றி அந்தப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பெஞ்சில் வைத்துத் தடத்தைக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உப்புத் தண்ணியில ஓடினா ரைசர் இப்படித்தாங்க ஆகும், எல்லா படகுலயும் பார்த்திருக்கேன்" என்றார்.

எல்லா படகிலும் பார்த்திருக்கிறாராம். என் படகில் மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை.