குடும்பஸ்தருக்கும் இறை அழைத்தல் உண்டு

தெளிவான அடையாளம் வரும்வரை செபித்துக் காத்திருந்தால்தான் இறை அழைத்தல், அதாவது கடவுள் நம்மை எந்த வாழ்வுக்குக் கூப்பிடுகிறார் என்பது, புரியும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். செபம் வேண்டும், சரி. ஆனால் அப்படி எதுவும் வராதவர்கள் கடவுள் தங்களைக் கூப்பிடவே இல்லை என்று ஒதுங்கிவிடுவார்களே! நம்ம புனித தேவசகாயம் பிள்ளையைப் பாருங்கள். நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், மனைவியோடு வாழ்ந்தவர். வீட்டில் இழப்புக்கு மேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்த நேரத்தில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு பிறகு மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய் விவிலியத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம் பட்ட யோபுவின் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்தினார், கூட வேலை பார்த்த ஒரு நண்பரின் வாய்வழியாகத்தான் அழைப்பு வந்தது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், அப்புறம் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் பெற்றார். அவர் குருவாவதற்குப் படிக்கும் குருமடத்துக்குப் போகவில்லை. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், கடைசியில் 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அவர் குருவோ துறவியோ அல்லாத ஒரு பொதுநிலையினர்தான். எங்கள் பங்கில் இறை அழைத்தலுக்காகச் செபிக்கும் அழைத்தல் ஞாயிறு வந்தாலே மறையுரை முழுக்க குருமடம், கன்னியர் மடம்தான், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் இறை அழைத்தலை எப்படித் தெளிந்துகொள்வது என்று தயவுசெய்து அடுத்து எழுதுங்கள்.