புருஷனே மொழிபெயர்த்தால் உண்மை எப்படி வெளியே வரும்?

குடும்ப வன்முறையைப் போலீசார் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்ற கட்டுரையைப் படித்தேன். காயங்களைப் பற்றி நிறைய இருக்கிறது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் இருக்கிறேன். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த ஓர் அக்காவுக்கு மலாய் சரியாக வராது. ஒருநாள் இரவு அலறல் கேட்டு யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது. அவர்கள் கேட்ட கேள்வியை அவர் புருஷனே தமிழில் சொன்னான், பதிலையும் அவனே மலாயில் சொன்னான். அக்கா கைலி ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். 'குடும்பச் சண்டைதான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழ் தெரிந்த வேறொருவரை வைத்துக் கேட்டிருக்கலாம். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

1994 குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்பதில்லை, மனரீதியான கொடுமையும் அதில் அடங்கும். 2018 முதல் சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அதற்கு முதலில் போலீஸ் புகார் தேவையில்லை. இது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம், புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். உள்ளூர் நிலையத்தில் புருஷனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் (Talian Kasih) எண் 15999, இரவிலும் எடுப்பார்கள்.