ஆதரவு தருகிறோம் என்றால் என்ன தருகிறோம்?

நகர மன்றத் தேர்தல் நெருங்கினால் இங்கே அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் நம் ஆட்கள் நடத்தும் விழாக்களுக்குப் புதிதாகச் சிலர் வருவார்கள். மேடையில் "வணக்கம்" என்று ஒரு சொல். பலத்த கைத்தட்டல். பொன்னாடை, குழுப்படம். மறுநாள் வாட்ஸ்அப்பில் "நம் சமூகத்தின் முழு ஆதரவு இவருக்கே" என்று ஒரு அறிக்கை சுற்றும். அந்தச் சமூகம் எப்போது கூடிப் பேசியது, அவரிடம் என்ன கேட்டது, அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல மனுஷன் சார், நம்மள மதிச்சு வந்தார்ல" என்பார்கள். ஊரில் லெட்டர்பேட் கட்சிகள் செய்வதை இங்கே ஆங்கிலத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

இதைக் கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் நகர மன்றம், பள்ளி வாரியம் போன்ற உள்ளூர்த் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. நம்மூர் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் மாதிரி. ஆறு பெயர் இருக்கும், ஆறில் யார் என்னவென்று தெரியாது. அதனால்தான் "இவரை யார் ஆதரிக்கிறார்கள்" என்ற பட்டியலுக்கு இங்கே இவ்வளவு மரியாதை. நர்சுகள் சங்கம் ஆதரிக்கிறதா, போலீஸ் சங்கமா, ரியல் எஸ்டேட்காரர்களா என்று பார்த்தே பாதிப் பேர் முடிவெடுக்கிறார்கள். எண்டார்ஸ்மெண்ட், அதாவது இப்படி வெளிப்படையாக அறிவிக்கும் ஆதரவு, இங்கே கிட்டத்தட்ட சின்னம். அதைப் பொன்னாடைக்கு விற்றுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இதை வேறு மாதிரி செய்து காட்டிய ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ரிச்மண்ட். பார்ட் ரயிலில் சிவப்புத் தடத்தின் கடைசி நிறுத்தம். நம்மில் பலருக்கு அது "அந்தப் பக்கம் வீடு பார்க்காதீங்க" என்று ரியல்டர் சொல்லும் ஊர். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். பெரும்பாலும் லத்தீனோக்கள், கறுப்பினத்தவர், ஆசியர்கள். இரண்டாம் உலகப் போரில் கைசர் கப்பல் தளங்களில் 747 கப்பல்கள் கட்டிய ஊர். ஊர் நகராட்சி ஆனது 1905இல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அதற்கும் முன்பே வந்துவிட்டது. இன்று செவ்ரான் என்ற பெயரில் இருக்கும் அந்த ஆலைதான் பல தலைமுறைகளாக அங்கே யார் மன்றத்தில் உட்காரலாம் என்று தீர்மானித்தது. கம்பெனி ஊர் என்பார்களே, அது.

2003-04 வாக்கில் அங்கே சிலர் சேர்ந்து ரிச்மண்ட் புரோகிரஸிவ் அலையன்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஆர்.பி.ஏ. ஜனநாயகக் கட்சிக்காரர், பசுமைக் கட்சிக்காரர், எந்தக் கட்சியிலும் இல்லாதவர் என்று கலவையான கூட்டம். விதி ஒன்றுதான் கறாராக இருந்தது: எங்கள் ஆதரவு வேண்டுமென்றால் கம்பெனிகளிடம் தேர்தல் பணம் வாங்கக்கூடாது. ஒரு பைசாகூட. 2004இல் அவர்களில் ஒருவரான கேல் மெக்லாக்லின் மன்றத்துக்குள் போனார். 2006இல் மேயர். பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு மேயர் ஆவது அமெரிக்காவில் சாதாரண விஷயம் இல்லை. 2010இல் மறுபடியும் அவரே.

இதுவரை வெற்றிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வந்த தோல்வி.

2012 ஆகஸ்ட் 6. செவ்ரான் ஆலையில் அரித்துப்போன ஒரு குழாய் உடைந்து பெரும் தீ. கரும்புகை ஊரையே மூடியது. மூச்சுத்திணறல், கண் எரிச்சல் என்று சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். அந்தக் குழாய் அரிக்கும் என்பது கம்பெனியின் உள்ளேயே தெரிந்திருந்தது, மாற்றச் சொல்லி பரிந்துரைகளும் இருந்தன என்று பின்னால் மத்திய அரசின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. சரி, மூன்று மாதத்தில் நவம்பர் தேர்தல். ஊரே புகையை விழுங்கியிருக்கிறது. செவ்ரானை எதிர்த்தவர்கள் அள்ளியிருக்க வேண்டாமா? ஆர்.பி.ஏ. வேட்பாளர்கள் தோற்றார்கள். செவ்ரான் அந்தத் தேர்தலில் ஒரு மில்லியன் டாலருக்கு மேல் இறக்கியது உண்மை. ஆனால் பணத்தை மட்டும் குறை சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

அதே வாக்குச்சீட்டில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி போடும் தீர்மானம் ஒன்றும் இருந்தது. முன்னெடுத்தவர் ஆர்.பி.ஏ. சார்ந்த மன்ற உறுப்பினர், இதய மருத்துவர். நோக்கம் நல்லதுதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்று குத்தினார்கள். சோடா கம்பெனிகள் பணத்தைக் கொட்டின, சரி. கூடவே, கறுப்பின, லத்தீனோப் பகுதிகளில் பலருக்கு இது "படித்த வெள்ளைக்காரர்கள் எங்களுக்குச் சாப்பாட்டு புத்தி சொல்ல வருகிறார்கள்" என்றுதான் பட்டது. ஆர்.பி.ஏ.யின் முன்வரிசையில் அப்போது ஓய்வுபெற்ற வெள்ளையர்கள்தான் அதிகம் என்ற விமர்சனமும் இருந்தது. செவ்ரான் ஆதரித்த நாட் பேட்ஸ் என்பவரோ 1960களிலிருந்து அந்த ஊர் அரசியலில் இருக்கும் கறுப்பினத் தலைவர். அவரை வெறும் "கம்பெனி ஆள்" என்று முத்திரை குத்தினால், அவரை மூன்று தலைமுறையாகத் தெரிந்த வீட்டில் கதவு சாத்தப்படும். நியாயம்தானே?

ஆக, கோபம் இருந்தது, நியாயம் இருந்தது, வேட்பாளர்களும் இருந்தார்கள். ஓட்டு வரவில்லை.

அடுத்த தேர்தல் 2014. மெக்லாக்லினுக்கு மேயராக இரண்டு தவணை முடிந்துவிட்டது; இனி மேயருக்கு நிற்க முடியாது, மன்ற இடத்துக்கு நின்றார். மேயர் வேட்பாளராக ஆர்.பி.ஏ. முன்னிறுத்தியது மைக் பார்க்கரை. தொழிற்சங்க வட்டாரத்தில் பெயர் பெற்றவர், வேட்பாளருக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் உள்ளவர். எதிரே செவ்ரான் ஆதரவோடு பேட்ஸ். இடையில் டாம் பட் என்ற நீண்டகால மன்ற உறுப்பினரும் களத்தில் இறங்கினார். கட்டடக் கலைஞர், மிதவாதி, செவ்ரானுக்கு அடங்காதவர், ஆனால் ஆர்.பி.ஏ. ஆள் இல்லை. அப்போது அங்கே இரண்டாம் சுற்று கிடையாது. அதிக ஓட்டு வாங்கியவர் மேயர். பார்க்கரும் பட்டும் ஓட்டைப் பிரித்தால் பேட்ஸ் எளிதாக ஜெயிப்பார். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பார்க்கர் விலகிக்கொண்டார்.

இந்த ஒரு வரியை நான் சாதாரணமாகக் கடக்க மாட்டேன். நம் அரசியலில், நம் சங்கங்களில், ஏன், நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷனில்கூட யாராவது இப்படி விலகிப் பார்த்திருக்கிறோமா? ஒரு தனி மனிதரின் பெருந்தன்மை என்று இதைச் சுருக்க நான் தயாரில்லை. அவர் விலகியதால் அவருடைய அரசியல் முடிந்துவிடவில்லை. அமைப்பு இருந்தது, அதில் அவருக்கு வேலை இருந்தது. வேட்பாளர்தான் எல்லாம் என்று இருக்கும் இடத்தில் எவரும் விலக மாட்டார், விலகவும் முடியாது. போஸ்டரில் முகம் போனால் மிச்சம் எதுவுமில்லை.

செவ்ரான் அந்த வருடம் சுமார் மூன்று மில்லியன் டாலர் செலவழித்தது. மறுபடி சொல்கிறேன், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊரில். 2010இல் உச்ச நீதிமன்றம் தந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு கம்பெனிகள் வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனியாகச் செலவழித்தால் உச்சவரம்பு இல்லை. விளம்பரப் பலகைகள், தினமும் தபால் பெட்டியில் வழவழப்பான அட்டைகள், இணையத்தில் கம்பெனியே நடத்திய உள்ளூர்ச் செய்தித் தளம். மறுபக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு பட்டியலோடு வீடு வீடாகப் போகும் கூட்டம். அக்டோபரில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வந்து பேசிவிட்டுப் போனார். பலர் இந்த வெற்றியை அவர் கணக்கில் எழுதுகிறார்கள். அவர் வரும்போது கதவு தட்டும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பெரிய தலைவரின் ஆதரவு அந்த வேலைக்கு மேல் விழும் வெளிச்சம். வேலை இல்லாத இடத்தில் வெளிச்சம் விழுந்து என்ன பயன்?

முடிவு: பட் மேயர். மெக்லாக்லின், ஜோவங்கா பெக்கிள்ஸ், எடுவார்டோ மார்டினெஸ் மூவரும் மன்றத்துக்கு. செவ்ரான் பணம் கட்டிய குதிரைகள் எல்லாம் தோல்வி.

இங்கேயே கதையை நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கடுத்த வருடமே, கைகோத்து ஜெயித்தவர்கள் வாடகை விஷயத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வாடகை ஏற ஏற மக்கள் வளைகுடாவைத் தாண்டி ரிச்மண்டுக்கு வந்தார்கள்; ரிச்மண்டில் இருந்தவர்கள் இன்னும் தூரம் தள்ளப்பட்டார்கள். 2015இல் மன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வீட்டு உரிமையாளர்களின் சங்கம் கையெழுத்து வேட்டை நடத்தி அதை அமலுக்கு வராமல் நிறுத்திவைத்தது. மேயர் பட்டும் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு எதிர்ப்பு. ஆர்.பி.ஏ.யும் குடியிருப்போர் அமைப்புகளும் சளைக்காமல் தாங்களும் கையெழுத்து வாங்கி, 2016 நவம்பரில் நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோனார்கள். மெஷர் எல் என்று பெயர். ஜெயித்தது. ரிச்மண்டும் மவுண்டன் வியூவும் அன்று ஒரே நாளில் செய்த இது, கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த புது வாடகைக் கட்டுப்பாடு. அதே தேர்தலில் இருபதுகளில் இருந்த மெல்வின் வில்லிஸ் என்ற குடியிருப்போர் அமைப்பாளரும் ஜெயித்து, மன்றத்தின் ஏழு இடங்களில் ஐந்து ஆர்.பி.ஏ. கையில் வந்தது.

"அப்படியென்றால் 2014இல் பட்டுக்கு வழிவிட்டது தவறா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று கேள்வி, ஊர் யாருடையது என்பது. அதில் பட் இந்தப் பக்கம். வாடகை என்று வந்தபோது அவர் அந்தப் பக்கம். ஆதரவு என்பது ஒரு கேள்விக்கு, ஒரு தேர்தலுக்கு. அதைக் கல்யாணமாக நினைப்பவர்கள்தான் பிறகு "துரோகம், துரோகம்" என்று புலம்புகிறார்கள். 2018இல் வில்லிஸ் பட்டை எதிர்த்து மேயருக்கு நின்று தோற்கவும் செய்தார். யாரும் வானம் இடிந்து விழுந்ததாக நினைக்கவில்லை.

ஆர்.பி.ஏ. ஆட்சி சொர்க்கம் என்றும் நான் சொல்ல வரவில்லை. போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்ததில் ஊர் இரண்டுபட்டது. அதில் இரு தரப்பிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. பெரிய உலக விவகாரத் தீர்மானங்களுக்கு மன்றம் நள்ளிரவு வரை நேரம் கொடுக்கும்போது, சாலைப் பள்ளத்துக்காக வந்து வரிசையில் நிற்பவர் கடுப்பாவதும் எனக்குப் புரிகிறது. அலுப்பில்லாமல் சாலைப் பள்ளத்தைப் பற்றிப் பேசத் தெரியாத முற்போக்காளர்கள் உள்ளூர் அரசியலுக்கு வராமல் இருப்பது நல்லது.

ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். 2022இல் மார்டினெஸ் மேயர் ஆனார், 2012இல் தோற்ற அதே மார்டினெஸ். 2024இல் சுத்திகரிக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு டாலர் வரி என்ற தீர்மானத்தை நவம்பர் வாக்குச்சீட்டில் வைக்க மன்றம் முடிவு செய்தது. சில வாரங்களில் செவ்ரான் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பத்து வருடத்தில் 550 மில்லியன் டாலர் தருவதாக ஒப்பந்தம்; வரித் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. வரியையே விட்டிருக்கக்கூடாது, குறைவாகப் பேரம் பேசினார்கள் என்று இன்றும் சண்டை போடுபவர்கள் உண்டு. இருக்கட்டும். இருபது வருடத்துக்கு முன் அந்த ஊரில் செவ்ரானிடம் யாரும் பேரமே பேச முடியாது.

நம் குழுக்களில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "நமக்கு ஓட்டே இல்லையே பாஸ், எச்1பி வேலை விசா." சரி, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் எந்தத் தேர்தலுக்கும், அது நகர மன்றத் தேர்தலே ஆனாலும், பணம் கொடுக்கக்கூடாது. அது குற்றம். விழாவுக்கு வந்த வேட்பாளரின் இணையதள இணைப்பைக் குழுவில் போட்டு "ஆளுக்கு நூறு டாலர் போடுங்க" என்று எழுதும் அண்ணன்மார் தயவுசெய்து இதைக் கவனிக்கவும். ஆனால் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யத் தடை இல்லை. கதவு தட்டலாம், போன் செய்யலாம். நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்து நேரத்தில் எழுந்து பேசலாம். அங்கே உங்கள் விசாவை யாரும் கேட்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்தால் இன்னும் ஒரு படி மேல்: அங்கே பள்ளி வாரியத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம், 2016இல் மக்களே வாக்களித்துக் கொடுத்த உரிமை. ஆனால் பதிவு செய்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தில் கொடுக்கும் விவரங்கள் குடியேற்றத் துறைக்கும் கிடைக்கக்கூடும் என்று நகரமே எச்சரிக்கிறது.