தீத்து வந்ததினாலே

இரவு ஒன்பது மணிக்கு மேஜைமேல் இருந்த போனில் அலாரம் அடித்தது. அவர் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவளுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம், பாஸ்டர்" என்றார். மனைவியை அடக்கம் செய்து அன்றைக்கு நாலாவது நாள்.

நான் உடனே பைபிளைத் திறந்தேன். ரோமர் எட்டாம் அதிகாரம், 28ஆம் வசனம். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற வசனம். வாசித்து, கொஞ்சம் விளக்கமும் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அந்த வசனம் எனக்கு மனப்பாடம் பாஸ்டர். நம்பவும் செய்றேன். ஆனா இப்போ வேண்டாமே. கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்களேன்."

உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். அவர் பாதி நேரம் பேசவில்லை. பேசியபோது அந்த அலாரத்தைப் பற்றித்தான் பேசினார். எட்டு மாதம் தினமும் அடித்ததாம். முதலில் அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருமாம். இப்போது அதை அழிக்கக் கை வரவில்லை என்றார். நான் கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்தது ஆறுதலா இருந்துச்சு" என்றார். வந்ததைச் சொன்னார், சொன்ன வசனத்தை அல்ல.

இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஊழியத்தில் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வசனம் தப்பா என்று கேட்டால், இல்லவே இல்லை. இன்றைக்கும் அதன்மேல்தான் நிற்கிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 28க்கு முன்னால் 22 இருக்கிறது. சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார், இந்த நிருபத்தை எழுதின அப்போஸ்தலன் பவுல். 23இல் நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார். 26இல் பரிசுத்த ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார். இவ்வளவு தவிப்பையும் கடந்துதான் பவுல் "சகலமும் நன்மைக்கு" என்கிற இடத்துக்கு வருகிறார். நான் அந்த வழியெல்லாம் நடக்காமல் ஒரே எட்டில் 28இல் போய் நின்றுகொண்டு, நாலு நாள் முன்பு மனைவியைப் புதைத்தவரை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நம் சபைகளில் இதைத்தான் நிறையச் செய்கிறோம். துக்கத்தில் இருக்கிறவர் வாயைத் திறப்பதற்குள் வசனத்தால் மூடிவிடுகிறோம். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வாக்குத்தத்தத்தை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். எரேமியா 29:11 அதிகமாக அனுப்பப்படுகிற வசனங்களில் ஒன்று. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் இது. அதை முதலில் வாசித்துக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப் போகிற நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களிடம் கர்த்தர், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்றார். வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு இன்றைய நாளை வாழ்வது என்றால் அதுதான். நாளைக் காலை எல்லாம் மாறிவிடும் என்று அந்த வசனத்தைக் காட்டி யாருக்கும் சொல்ல நமக்கு அனுமதி இல்லை.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. "உன்னால் தாங்க முடியாததைக் கர்த்தர் உனக்குக் கொடுக்க மாட்டார்." 1 கொரிந்தியர் 10:13ஐ மனதில் வைத்துச் சொல்கிறோம். ஆனால் பவுல் அங்கே பேசுவது பாவத்தில் விழவைக்கிற சோதனையைப் பற்றி. திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார், தப்பிக்கொள்ள ஒரு வழியையும் உண்டாக்குவார் என்கிறார். பாடுகளைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதின அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில் என்ன சொல்கிறார் பாருங்கள்: "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தமுண்டாயிற்று." பலத்திற்கு மிஞ்சினது என்று அப்போஸ்தலனே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் "உங்களால் தாங்க முடியும் என்றுதான் கர்த்தர் இதை அனுமதித்தார்" என்று எப்படிச் சொல்ல முடியும்? தாங்க முடியவில்லை என்று அவர் சொன்னால், அது அவிசுவாசம் இல்லை. உண்மை.

அந்த இரண்டாம் நிருபத்திலேயே என் மனதுக்கு மிக நெருக்கமான ஒரு வசனம் இருக்கிறது. யாரும் அதை வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. 7:6. "ஆகிலும், சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்."

தீத்து பவுலின் உடன் ஊழியன். அப்போது பவுல் மக்கெதோனியாவில் இருந்தார். சரீரத்துக்கு இளைப்பாறுதல் இல்லை, புறம்பே போராட்டங்கள், உள்ளே பயங்கள் என்று அவரே எழுதுகிறார். அதற்கு முன்பு துரோவாவில் சுவிசேஷத்துக்குக் கதவு திறந்திருந்தும் அங்கே தங்க முடியவில்லை. தீத்துவைக் காணாததினாலே என் ஆவிக்கு அமைதலில்லாதிருந்தது என்கிறார். ஊழிய வாசல் திறந்திருக்கிறது, ஆனால் ஒரு நண்பனைக் காணாத தவிப்பில் கிளம்பிப் போய்விடுகிறார். இவர் யார்? தமஸ்குவுக்குப் போகிற வழியில் வானத்து ஒளியைக் கண்டவர். மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்ட அனுபவத்தை எழுதினவர். தேவன் நினைத்திருந்தால் இன்னொரு தரிசனம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தீத்து வந்தான். தூசி படிந்த காலோடு, கொரிந்து சபையின் செய்தியைச் சுமந்துகொண்டு, ஒரு மனுஷன் நடந்து வந்தான். அதைத்தான் பவுல் தேவன் செய்த ஆறுதல் என்கிறார்.

இந்த வசனம் பிடிபட்ட பிறகு நான் வீடு சந்திப்புக்குப் போகிற விதமே மாறிவிட்டது.

தீர்க்கதரிசி எலியாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின மனுஷன், அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கர்த்தர் அவரை அந்த நிலையில் எப்படி நடத்தினார் என்பதை வரிவரியாகப் பாருங்கள். கண்டிக்கவில்லை. கர்மேலை மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. தூதன் தட்டியெழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு ஜெபிக்கக்கூட இல்லை, திரும்பப் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. தூங்க விடுகிறான். பிறகு இரண்டாந்தரம் வந்து மறுபடியும் அதே வார்த்தை: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

கேள்வி அப்புறம்தான் வருகிறது. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" அது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். தேவன் முதலில் சாப்பாடும் தூக்கமும் கொடுத்தார். நாற்பது நாள் பொறுத்துத்தான் பேச்சை எடுத்தார். நாம் அடக்க ஆராதனை முடிவதற்குள் பேச்சை எடுத்துவிடுகிறோம்.

மனச்சோர்வில் இருக்கிற ஒரு விசுவாசி டாக்டரைப் பார்க்கிறார், மாத்திரை எடுக்கிறார் என்றவுடன் "விசுவாசம் குறைந்துவிட்டதா" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். பவுல் தன் கடைசி நிருபத்தில், எல்லாரும் போய்விட்ட நேரத்தில், "லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான்" என்று எழுதுகிறார். அந்த லூக்காவைத்தான் கொலோசெயருக்கு எழுதும்போது பிரியமான வைத்தியன் என்றார். தூக்கம் வராமல், சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிற எவரையும் நான் ஜெபித்து மட்டும் அனுப்புவதில்லை. கூடவே போய் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் ஊழியம்தான்.

சரி, கூட இருப்பது இவ்வளவு பெரிய காரியமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஆண்டவரே அதைக் கேட்டார். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவர் சீஷர்களிடம் பிரசங்கம் கேட்கவில்லை, ஆலோசனையும் கேட்கவில்லை. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்றார். தேவகுமாரன் மனுஷரிடம் கேட்டது ஒரு மணி நேரம். அவர்கள் தூங்கிப்போனார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும்.

பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதரும் முதலில் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளுக்காக அவர்களை நான் மதிக்கிறேன். வாயைத் திறந்த பிறகுதான் யோபு அவர்களை "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார்.

வசனமே சொல்லக்கூடாது என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த சகோதரர் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். "அன்னைக்கு வாசிச்சீங்களே, அதை இப்போ வாசிங்க பாஸ்டர்" என்றார். இருவரும் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து 18ஆம் வசனத்திலிருந்து தொடங்கி, தவிப்பையெல்லாம் விடாமல் வாசித்தோம். 28 வந்தபோது வாசித்தது அவர்தான்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது சூரைச்செடியின் கீழ் இருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம். கர்த்தர் அதையும் தம் புத்தகத்தில் இருக்கவிட்டிருக்கிறார். எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் இன்பாக்ஸில் எழுதுங்கள். நடந்ததையெல்லாம் விளக்க வேண்டாம். "பாஸ்டர்" என்று ஒரு வார்த்தை போதும். பதிலுக்கு வசனம் அனுப்ப மாட்டேன், எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.