இங்க்ரீஸ் என்றால் சிரிப்பு, ஜோசப் என்றால் மரியாதையா?

பழைய ஆங்கிலேயர்களின் கோமாளிப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதில் இங்க்ரீஸ் மேதரைச் சேர்த்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1639-இல் மாசசூசெட்சில் பிறந்தவர். பின்னாளில் ஹார்வர்டு கல்லூரிக்கே தலைவரானார். இங்க்ரீஸ் என்றால் பெருக்கம். எபிரேயத்தில் யோசேப்பு, அதாவது ஜோசப், என்ற பெயருக்கும் ‘இன்னும் சேர்த்துத் தருவார்’ என்றுதான் பொருள். இன்னொரு மகனும் வேண்டும் என்ற ஆசையில் விவிலியத்தில் அவன் தாய் ராகேல் வைத்த பெயர். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் இங்க்ரீஸ். தெருவுக்குத் தெரு இருக்கும் ஜோசப்பைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லையே!

மேதரைப் போன்ற பியூரிட்டன்களுக்கு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கு, கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்கள் பிடிக்கவில்லை. விவிலியப் பெயர்களை வைத்தார்கள். அதுவும் போதாதென்று சிலர், கூப்பிடும்போதே பொருள் காதில் விழவேண்டும் என்று சொந்த மொழிச் சொற்களையே பெயராக்கினார்கள். ராபர்ட் என்பதற்குப் பழைய ஜெர்மானியத்தில் ‘புகழொளி’ என்று பொருள். எந்த ராபர்ட்டின் அம்மா அதை நினைத்துக் கூப்பிட்டிருப்பாள்?

அளவு மீறியவர்களும் உண்டு. லண்டன் தோல் வியாபாரி ப்ரெய்ஸ்-காட் பேர்போன், அதாவது ‘கடவுளைத் துதி’. 1653-இல் கூடிய நாடாளுமன்றத்துக்கே இவர் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். இவர் மகனுக்கு ‘கிறிஸ்து உனக்காக மரித்திராவிட்டால் நீ நரகத்துக்குப் போயிருப்பாய்’ என்பதே பெயர் என்றொரு கதை உண்டு. சோறூட்டக் கூப்பிடுவதற்குள் சோறு ஆறிவிடும்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு பெயரில். பெண் குழந்தைக்கு ‘சைலன்ஸ்’ என்று வைத்தார்கள். மௌனம்! சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று விவிலியத்தில் வரும் பவுலின் வரியைத் தொட்டிலிலேயே கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. லத்தீனில் ‘பேசாதிரு’ என்று பொருள்படும் டேசி என்ற பெயரும் பெண்களுக்குத்தான்.

மனதில் நிற்பது இங்கிலாந்திலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் புரூஸ்டரின் குடும்பம். மூத்தவன் ஜோனத்தன். அடுத்து பேஷன்ஸ், ஃபியர், லவ், ரெஸ்லிங்: பொறுமை, பயபக்தி, அன்பு, மல்யுத்தம். கடைசிப் பெயர், விவிலியத்தில் யாக்கோபு விடிய விடியக் கடவுளின் தூதனோடு போராடினானே, அந்த நினைவில் வந்திருக்க வேண்டும். லவ் ஆண்பிள்ளை, அன்பு என்று பையனுக்கும் பெயர் வைக்கும் நமக்கு அது புதிதில்லை. 1620-இல் அமெரிக்காவுக்குப் போன மேஃபிளவர் கப்பலில் அப்பா, அம்மாவோடு லவ், ரெஸ்லிங் என்ற இரண்டு சிறுவர்களும் போனார்கள். பெண்கள் இருவரும் ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டார்கள். 1623-இல் தங்களை ஏற்றிச்செல்ல ஆன் என்ற கப்பல் வரும்வரை பேஷன்ஸ் பொறுத்திருந்தாள்.