முக்காலில் தொடங்கலாம்: கலைத்திட்டம் எழுதப் போகிறவர்களுக்கு

2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வந்துவிட்டது. கொள்கைக்குப் பின் கலைத்திட்டம், அதற்குப் பின் பாடத்திட்டம், கடைசியில் பாடநூல் என்பதுதான் முறையான வரிசை. நம்மிடையே பேச்செல்லாம் கடைசிப் படியைப் பற்றியே நடக்கிறது: எந்தப் பாடத்தை எடுப்பார்கள், எதைச் சேர்ப்பார்கள், புத்தகம் எத்தனை பக்கம் வரும்? பாடத்தலைப்புகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் கலைத்திட்டப் பணி ஆகாது. எதற்காகக் கற்பிக்கிறோம், எந்த வயதில், எவ்வளவு நேரத்தில், எந்த வழியில், கற்றார்களா என்று எப்படித் தெரியும் என்பவை அனைத்துக்கும் சேர்த்து எடுக்கும் முடிவுதான் கலைத்திட்டம். பாடத்திட்டம் அதன் ஒரு பகுதி. பாடநூல் அதன் ஒரு கருவி.

கலைத்திட்டத்துக்குத் தத்துவ அடிப்படை, சமூகவியல் அடிப்படை, உளவியல் அடிப்படை என்று பி.எட். படித்த எல்லோரும் பெருவினாவுக்கு மனப்பாடம் செய்திருப்போம். இவை மூன்றும் அலகு எழுதும் மேசையில் உட்கார வேண்டியவை. 4ஆம் வகுப்புப் பின்னத்தை எடுத்துப் பாருங்கள்.

வழக்கமான தொடக்கம், தொகுதி–பகுதி வரையறையும் நான்காய் வெட்டிய ஒரு வட்டமும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை கடைக்குப் போய் 'கால் கிலோ சீனி' கேட்டு வாங்கி வருகிறது. அரை, கால், முக்கால், ஒன்றேகால், ஒன்றரை எல்லாம் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'முக்கால்' என்ற சொல்லைப் பிரித்தால் மூன்று கால். 3/4 என்பது 1/4 மூன்று முறை என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'அரைக்கால்' என்பது காலில் அரை, அதாவது 1/8. பின்னப் பெருக்கலைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லாகவே வைத்திருந்தார்கள். இதை விட்டுவிட்டு வரையறையில் தொடங்குவது, பிள்ளை கொண்டுவந்த பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு உள்ளே அழைப்பது போன்றது. சமூகவியல் அடிப்படை என்று நான் சொல்வது இதைத்தான்.

உளவியல் அடிப்படை இன்னும் நுணுக்கமானது. 1/2, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் 1/4 என்பார்கள், ஏனென்றால் 4 பெரிது. இது கவனக்குறைவு இல்லை. முழு எண்ணில் சரியாக வேலை செய்த விதியைப் பின்னத்துக்கும் கொண்டு வருகிறார்கள். இதே பிழை மேல்வகுப்பில் 0.35 என்பது 0.8ஐ விடப் பெரியது என்று திரும்ப வரும். பிழையின் வேர் தெரிந்தவர் எழுதினால் அலகின் நடுவிலேயே அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குவார். தெரியாதவர் இன்னும் பத்துப் பயிற்சிக் கணக்குகளைச் சேர்ப்பார்.

தத்துவ அடிப்படை? விதியைச் சொல்லி விடை வாங்கினால் போதுமா, காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை வேண்டுமா என்ற முடிவு. இதை எடுக்காமல் அடுத்த வரியை எழுத முடியாது.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் கலைத்திட்டம் எழுதுவோருக்கு நான்கு கேள்விகளை வைத்தார். பள்ளி எதை அடைய வேண்டும், அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் உதவும், அவற்றை எப்படி அடுக்குவது, அடைந்தோமா என்று எப்படி அறிவது. எளிமையான சட்டகம், இன்றும் பயன்படுகிறது. ஆனால் நம்மிடம் அது மேலிருந்து கீழே வரும் உத்தரவாக மாறிவிட்டது. டைலரோடு பணியாற்றிய ஹில்டா டாபா 1962இல் வேறு வழி சொன்னார். ஆசிரியர்களே ஓர் அலகை எழுதட்டும், வகுப்பில் நடத்திப் பார்க்கட்டும், திருத்தட்டும். அப்படித் தேறிய அலகுகளிலிருந்து முழுச் சட்டகத்துக்குப் போகலாம் என்றார். அவருடைய ஏழு படிகளில் முதல் படியே பிள்ளைகளின் தேவையைக் கண்டறிவதுதான். நமக்கு இப்போது வேண்டியது டாபாவின் வழி என்பது என் உறுதியான கருத்து.

அந்த வழியில் பின்ன அலகு இப்படி வரும். முதல் பாடவேளையில் கற்பித்தல் இல்லை, நான்கே கேள்விகள்: 12 புளியங்கொட்டையில் பாதியைத் தனியாக வை, 1/2, 1/4 எது பெரியது, சமமில்லாமல் மூன்றாய்ப் பிரித்த படத்தில் ஒரு துண்டு 1/3 ஆகுமா, 0 முதல் 2 வரையுள்ள எண்கோட்டில் 1/2 எங்கே? கடைசிக் கேள்வியில் பலர் 1 இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். கோட்டின் பாதியைத்தான் 'அரை' என்று எடுத்துக்கொள்கிறார்கள், எண்ணாக அல்ல. இது முதல் நாளே தெரிந்தால் அலகின் வடிவமே மாறும்.

அடுத்து, கற்றல் விளைவு. 'பின்னங்களைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினால் யாராலும் சோதிக்க முடியாது. 'ஒரே முழுமையிலிருந்து எடுத்த இரு பின்னங்களைப் படத்தாலோ எண்கோட்டாலோ ஒப்பிட்டு, பெரியது எது எனக் காரணம் சொல்வர்' என்று எழுதினால் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். 14 பாடவேளை உள்ள அலகுக்கு இப்படி மூன்று போதும். எட்டு, பத்து என்று எழுதும்போது அவை செயல்பாடுகளின் பட்டியலாகிவிடுகின்றன.

விளைவு எழுதியதும் வினாவை எழுதிவிட வேண்டும், பாடத்தை அல்ல. வினா எழுத வரவில்லை என்றால் விளைவு தெளிவாக இல்லை என்று பொருள், அங்கேயே திருத்திவிடலாம்.

பிறகு நேரம். கண்டறிதலுக்கு 1, காகிதம் மடித்துச் சமப்பங்கு பார்க்க 3, கூட்டத்தில் பின்னம் காண (புளியங்கொட்டை, மணி) 3, எண்கோட்டுக்கு 2, ஒப்பிட 2, மதிப்பீட்டுக்கு 1, மதிப்பீட்டில் தவறியவர்களுக்கு மறுகற்பித்தல் 2. மொத்தம் 14. இந்தக் கடைசி 2 பாடவேளைகள்தான் அச்சுக்குப் போகும்போது முதலில் காணாமல் போகின்றன. மறுகற்பித்தல் 'ஆசிரியர் பார்த்துக்கொள்வார்' என்று விடப்படுகிறது. எந்த நேரத்தில் பார்த்துக்கொள்வார்?

கருவியிலும் முடிவு இருக்கிறது. வட்டமான ரொட்டிப் படம் அழகுதான், ஆனால் வட்டத்தை மூன்றாய் மடிப்பது பெரியவர்களுக்கே கடினம். 24 செ.மீ. நீளக் காகிதப் பட்டையைக் கொடுங்கள். அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் 3. எல்லாம் முழு செ.மீ.யில் விழும், அளவுகோலால் சரிபார்க்கலாம். அதே பட்டையை மேசையில் கிடத்தி இடமுனையில் 0, வலமுனையில் 1 என்று எழுதினால் எண்கோடாகிவிடும். வட்டத்திலிருந்து எண்கோட்டுக்குத் தாவ வேண்டியதில்லை.

இப்போது ஆண்டுக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 1–5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி என்கிறது. 6–8க்கு 220 நாள், 1000 மணி. 200 நாளில் தேர்வுகளுக்கு 25, விளையாட்டு விழா, ஆண்டு விழா, பயிற்சி, மழை விடுப்புக்கு 15 என்று கழித்தால் 160 நாள், அதாவது 32 வாரம். கணிதத்துக்கு வாரம் 7 பாடவேளை என்றால் 224. திருப்புதலுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் கையில் ஏறக்குறைய 200. புத்தகம் எழுதுகிறவர் இந்த 200ஐ முதல் நாளே எதிரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதை மீறி எழுதினால் 'போர்ஷன் முடிக்கணும்' என்ற ஓட்டம் ஜனவரியில் தொடங்கும், பின்தங்கிய பிள்ளைதான் முதலில் கைவிடப்படும்.

பாடங்களுக்கு இடையிலான வரிசையையும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். 11ஆம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் அலகு இயக்கவியல். வெக்டர், வகையிடல், தொகையிடல் மூன்றும் அங்கேயே தேவைப்படுகின்றன. கணிதத்தில் வெக்டர் இயற்கணிதமும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அதனால் இயற்பியல் நூலே அவற்றைச் சில பக்கங்களில் சொல்லித்தர முயல்கிறது. கணிதமே எடுக்காத உயிரியல் பிரிவு மாணவருக்கு அந்தச் சில பக்கங்கள்தான் கதி. இரண்டு பாடக்குழுவும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து மாதவாரியாக அட்டவணை போட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒரே பாடம் வகுப்புக்கு வகுப்பு மேலே போகும் வரிசைக்கும் இப்படி ஓர் அட்டவணை வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் சொன்ன சுருள் அமைப்பு என்பது அதே கருத்துக்கு மேல்வகுப்பில் இன்னும் ஆழமாகத் திரும்பி வருவது, ஒவ்வொரு வகுப்பிலும் அதே ரொட்டியை மறுபடி வெட்டுவது அல்ல. அட்டவணையில் 'இந்த வகுப்பில் புதிது என்ன?' என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பாடத்தை அங்கே வைக்கக் கூடாது.

அணுகுமுறைகளைப் பற்றிச் சுருக்கமாக: பாடமையம், மாணவர் மையம், சிக்கல் மையம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பீடும் அதற்கேற்ப மாற வேண்டும். மாணவர் மைய வழியான செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் முறை) 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுதும் போனது. ஏணிப்படி, சின்னங்கள், அட்டைகள், அவரவர் வேகம் என்று அந்த வடிவமைப்பில் உண்மையான உழைப்பு இருந்தது. ஆனால் ஏணியில் ஓர் அட்டை கிழிந்தாலோ தொலைந்தாலோ பிள்ளை அந்தப் படியிலேயே நிற்கும். மாற்று அட்டைக்கான ஏற்பாடும் கலைத்திட்டச் செலவில் சேர வேண்டும். அவரவர் வேகத்தில் படிக்கவிட்டு, எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தேர்வு வைத்தால் இரண்டில் தேர்வுதான் வெல்லும்.

எங்கும் அதுதான் வெல்கிறது. புத்தகம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், வினாத்தாள் 'புக் பேக்' கேள்விகளிலிருந்தே வந்தால் வகுப்பறை புத்தகத்தின் பின்பக்கத்துக்குச் சுருங்கிவிடும். விளைவுகளை வரிசையில் எழுதி, எதிரே பாடவேளை, செயல்பாடு, வினா எண், மதிப்பெண் என்று கட்டம் போட்டுப் பாருங்கள். 'காரணம் சொல்வர்' என்ற விளைவுக்கு 5 பாடவேளை கொடுத்துவிட்டு மதிப்பெண் கட்டத்தில் பூச்சியம் இருந்தால், அந்த 5 பாடவேளையும் நடக்காது. ஆசிரியரைக் குறை சொல்வதில் பயனில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் அவர் நடத்த முடியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது சோதனை ஓட்டம், அதாவது அச்சுக்கு முன் அலகை வகுப்பில் நடத்திப் பார்ப்பது. கடந்த முறை பாடத்திட்டம் மாறியபோது, 2017 நவம்பரில் வரைவுப் பாடத்திட்டம் வெளியானது. 2018 மே மாதம் 1, 6, 9, 11 வகுப்பு நூல்கள் வெளியாயின. எழுதியவர்கள் இரவு பகலாக உழைத்தார்கள், முந்தைய நூல்களை விட எவ்வளவோ மேலான நூல்கள் வந்தன. ஆனால் இடைப்பட்ட ஆறு மாதத்தில் ஓர் அலகைக்கூட வகுப்பில் முழுமையாக நடத்திப் பார்த்துத் திருத்தி எழுத நேரம் இல்லை.

இந்த முறை அதற்கு இடம் வைக்க வேண்டும். எல்லா அலகையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. வகுப்புக்கும் பாடத்துக்கும் இரண்டு அலகுகள், பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் அலகுகள். 12 பள்ளிகள் போதும், ஆனால் அவை மாதிரிப் பள்ளிகளாக மட்டும் இருக்கக் கூடாது. ஈராசிரியர் பள்ளி, மலைப்பள்ளி, நெரிசலான மாநகராட்சிப் பள்ளி, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் எல்லையோரப் பள்ளி எல்லாம் அதில் வேண்டும். நடத்தும் ஆசிரியர் மூன்றே விஷயங்களைக் குறித்தால் போதும்: எத்தனை நிமிடம் ஆனது, எந்த வரியில் பிள்ளைகள் நின்றார்கள், எந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்தது. எழுதிய குழுவில் ஒருவராவது பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வண்ணப்படம், பளபளப்பு அட்டை ஒன்றும் வேண்டாம். 16 பக்கக் கறுப்பு வெள்ளைக் கையேடு, பள்ளிக்கு 40 பிரதி என்றால் 480 பிரதி. லட்சக்கணக்கில் அச்சடிக்கும் முன் இந்த 480ஐ அடித்துவிடலாம்.