ஒப்பித்தால் நாடகம் ஆகிவிடுமா?

சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தரும் பலரும் இப்போது விளம்பரத்தில் ‘நாடகம் வழியாக’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் பார்த்த பல வகுப்புகளில் நடப்பது வேறு. வாட்ஸ்அப்பில் வசனம் வருகிறது. பிள்ளை உருப்போட்டு, அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ஒப்பிக்கிறது. வீட்டில் வீடியோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். வசனத்தில் இல்லாத ஒரு கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிக்கும். இதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேசியே ஆகவேண்டிய ஒரு நிலையைப் பிள்ளைக்கு உண்டாக்கித் தருவதில்தான் நாடகத்தின் பலம் இருக்கிறது. இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் (1926–2011) இதைப் பல பத்தாண்டுகள் செய்து காட்டினார். சிறு வயதில் நெசவாலையில் வேலை பார்த்தவர், பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் ஆசிரியரே வேடம் கட்டுவார், அதுவும் பெரும்பாலும் உதவி கேட்டு வரும் ஆளாக. பிள்ளைகளுக்கோ விஷயம் தெரிந்தவர்கள் வேடம். முடிவெடுப்பது அவர்கள்தான்.

இதை ஜூமில் செய்வது கடினமே இல்லை. ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, பொம்மை யானையோடு கேமரா முன் வருகிறேன். நான் யானைப்பாகன், பிள்ளைகள் கால்நடை டாக்டர்கள். யானை சாப்பிட மாட்டேன் என்கிறது. எங்கே வலிக்கிறது, நேற்று என்ன தின்றது என்று அவர்கள் கேட்டால்தான் கதை நகரும். ஸ்டெதாஸ்கோப்புக்கு சமையலறைக் கரண்டி, கட்டுப்போட அப்பாவின் கைக்குட்டை. வீட்டுச் சாமான் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆன்லைன் வகுப்பின் பெரிய வசதி, பள்ளிக்கூட வகுப்பறையில் இது கிடைக்காது. ஒரு பிள்ளை “ஹி ஈட் பனானா?” என்று கேட்டால் நான் இலக்கணம் பேசுவதில்லை. “யெஸ் டாக்டர், ஹி ஏட் எ பனானா!” என்று பாகனாகவே பதில் சொல்வேன். அடுத்த கேள்வியிலோ அடுத்த வாரத்திலோ அந்த ‘ஏட்’ அவர்கள் வாயில் தானாக வந்துவிடும்.

ஜூமுக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. சேர்ந்து சொல்லச் சொன்னால் குரல்கள் முன்பின்னாக வந்து கூச்சலாகிவிடும். அதனால் எல்லோரையும் மியூட்டில் வைத்துச் செய்கையால் பதில் சொல்லச் சொல்லலாம், பிறகு ஒவ்வொருவராகப் பேசலாம். கேமராவைப் போடுவதும் அணைப்பதும்தான் மேடைக்கு வந்துபோகும் வழி. சின்னப் பிள்ளைகளை ஜூமிலேயே தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடுவது மட்டும் வேண்டாம், கூட ஒரு பெரியவர் இல்லாவிட்டால் அங்கே தமிழில் சண்டைதான் நடக்கும்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்தச் சதுரத் திரை ஒரு வரம் என்றே சொல்வேன். கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து திரைக்கு வெளியே போய்விடலாம். பொம்மை மட்டும் தெரியும். தோல்பாவைக்கூத்துக் கலைஞர் திரைக்குப் பின்னால் இருந்து ராமனுக்கும் குரல் கொடுப்பார், ராவணனுக்கும் கொடுப்பார், அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதே சுதந்திரம் இந்தப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. தப்பாகப் பேசினாலும் பேசியது சாக்ஸ்தானே! பயமும் பதற்றமும் இருந்தால் காதில் விழும் மொழி மனதில் தங்காது என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் எழுதினார். முகத்தைக் காட்டாமல் வாயைத் திறக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும்.

அப்புறம், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பதிலைக் கிசுகிசுக்காதீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சில விநாடி மௌனத்தில்தான் பிள்ளை வார்த்தையைத் தேடுகிறது, நீங்கள் சொல்லிக் கொடுத்ததும் தேடல் நின்றுபோகிறது. பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாலும் விட்டுவிடுங்கள், அந்தப் பிள்ளையும் நாடகத்துக்குள்தான் இருக்கிறது.

பணம் கட்டி வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் பார்க்க அனுமதி கேளுங்கள். எழுதிக் கொடுக்காத வாக்கியத்தைப் பிள்ளைகள் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒருமுறைகூட இல்லை என்றால் அங்கே சேர்க்காதீர்கள், விழா வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.